இறங்கி வா, பிலோமினா

பிலோமினா மலாயாவின் ஈப்போவில் பிறந்தபோது அந்தப் பாட்டுக்கு மூன்று வயது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பாடகர் பியானோவை உடைத்துவிடுவதுபோல அடித்துக்கொண்டு பாடிய ராக் அண்ட் ரோல் பாட்டு அது. ஒரு பையன் தெருவில் நிற்கிறான். பெண் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ‘கம் டவுன், பிலோமினா’ என்று அவன் அண்ணாந்து கத்துகிறான். விஷயம் அவ்வளவுதான். உலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிலோமினாவுடைய அப்பா அருளப்பன் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தார். பாட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. புனித பிலோமினாவிடம் ஒரு நேர்ச்சை இருந்தது, பிறந்தது பெண்ணாக இருந்தது, பெயர் வைத்தார். அடுத்த வருடமே ரோமில், அந்தப் புனிதையைப் பற்றிய ஆதாரங்கள் போதவில்லை என்று வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து தகவல் சொன்னார்.

“அப்ப புள்ளை பேரை மாத்தணுமா சாமி?” என்று அருளப்பன் கேட்டார்.

“வச்சது வச்சதுதான். வேற எதுக்காவது பயன்படும்,” என்றார் சாமியார்.

பயன்பட்டது. பிலோமினா கான்வென்ட் பள்ளிக்குப் போகிற வயதில், பக்கத்தில் இருந்த பையன்கள் பள்ளியின் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அவர் தலை தெரிந்ததும் பாட ஆரம்பித்துவிடுவார்கள். அவர் நடந்துபோவது தரையில். இறங்குவதற்கு இடமே இல்லை. அது அவர்களைத் தடுக்கவில்லை.

அதற்குள் பாட்டு பல ஊர்களைச் சுற்றிவந்திருந்தது. கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மலாய்க் குழு பாடியது. ஹோட்டலில் பாடுகிற சீன அம்மையார் ஒருவர் அதைத் தாலாட்டுப்போல மெதுவாகப் பாடினார். கல்யாணங்களுக்கு வருகிற தமிழ் வாத்தியக் குழு ஒன்று சொந்தமாக வரிகள் போட்டுக்கொண்டது: ‘இறங்கி வாம்மா பிலோமினா, ஈப்போ பஸ்ஸு போயிருமா.’ பஸ்ஸில் யார் போகப்போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பதை எழுதியவர் சொல்லவில்லை. பெரியப்பா மகளின் கல்யாணத்தில் அந்தப் பாட்டு வந்தபோது மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி பிலோமினாவைப் பார்த்தார்கள். மணப்பெண்ணும் பார்த்தாள். பதினைந்து வயதுப் பிலோமினா கையிலிருந்த ஐஸ்கிரீமை முடிக்காமலே எழுந்து வெளியே போனார். ஊரை விட்டுப் போவது என்று அன்றைக்குத் தீர்மானித்ததாகப் பின்னாளில் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மெல்பர்னுக்குப் படிக்கப் போனார். காது கேட்கும் திறனைச் சோதிப்பது, குறைந்திருந்தால் கருவி பொருத்துவது, இதுதான் படிப்பு. அங்கே ஆங்கிலேயக் குழு ஒன்று பாடிய வடிவம் பிரபலமாக இருந்தது; தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் குளிக்கும்போது பாடுவார். படிப்பை முடித்துவிட்டு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு வேலைக்கு வந்தார். இன்னொரு கடல் தாண்டினால் பாட்டு விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வேலையின் இயல்பை அவர் சரியாக யோசித்திருக்கவில்லை. காது மந்தமாகி வருகிறவர்கள் வயதான ஆண்கள். இந்த ஊரில் வயதான ஆண்கள் என்றால், இளவயதில் சனிக்கிழமைதோறும் அந்தப் பாட்டுக்கு ஆடியவர்கள். பிலோமினாவின் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் படித்ததும் அவர்கள் முகம் மலரும். பாடுவார்கள். தங்கள் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அவர் அட்டையில் ‘பி. நரேந்திரன்’ என்று போட்டுப் பார்த்தார். ‘பி’ என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாடினார்கள். சோதனைக்கு ஒலிபுகாத அறை ஒன்று உண்டு. ஆளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாக வாய் அசைவது நிற்கும்வரை காத்திருப்பார்.

எல்லாரும் முதல் இரண்டு வரிகளைத்தான் பாடுவார்கள். மூன்றாவது வரி யாருக்கும் நினைவில்லை. பிலோமினாவுக்கும் தெரியாது. ரேடியோவில் அந்தப் பியானோ ஆரம்பிக்கும்போதே அணைத்துவிடுகிற ஆள் அவர்.

நரேந்திரன் என்ற பெயர் வந்த கதையை இங்கேயே சொல்லிவிடலாம். ஆக்லாந்துக்கு வந்த புதிதில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ்ச் சங்கம் பொங்கல் விருந்து வைத்தது. வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். சிவில் இன்ஜினியர். யாரோ அறிமுகம் செய்துவைக்க, “நான் பிலோமினா,” என்று சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“நான் நரேந்திரன். வடை முடியப்போகுது, எடுத்தனீங்களோ?” என்றார் அவர்.

இந்தப் பாட்டையே கேட்டிராத ஒரு மனிதர் பூமியில் இருக்கிறார் என்று பிலோமினாவுக்குப் புரிந்தது. ஒன்பது மாதத்தில் கல்யாணம். முதலில் தேவாலயத்தில், அடுத்த வாரம் கோயிலில். லக்ஷிகா என்று ஒரு மகள். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் மரவீடு ஒன்று வாங்கினார்கள். ஒற்றைத் தளம்தான் வேண்டும் என்று பிலோமினா சொன்னார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் என்றார்.

சென்ற வருடம் மே மாதம் டெஸ் என்பவர் வந்தார். அப்போது பிலோமினா மவுண்ட் வெல்லிங்டனில், பெரிய ஷாப்பிங் சென்டருக்கு எதிரே இருக்கும் ஒரு கிளினிக்கில் இருந்தார். டெஸ்ஸுக்கு எண்பத்துநான்கு வயது. ஆயுசெல்லாம் மரம் அறுக்கிற பட்டறையில் வேலை. மாசி என்ற புறநகரிலிருந்து அவருடைய மகள் லின் காரில் கூட்டிவந்திருந்தாள்.

டெஸ் அட்டையைப் படித்தார். பிலோமினா கதவுப்பிடியில் கை வைத்தார். டெஸ் பாடவில்லை.

“அந்தப் பாட்டுல நான் இருக்கேன்,” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“ஆக்லாந்துல நாங்க அஞ்சு பேர் அதை இசைத்தட்டாப் போட்டோம். நான்தான் ரெண்டாவது குரல். மேல ஒண்ணு ‘ஊ-ஆ’ன்னு போகுமே, அது.”

லின் கூரையைப் பார்த்தாள். இந்தக் கதையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறாள் என்பது தெரிந்தது.

ஒரு கோடைகாலம் முழுக்க இங்கே ரேடியோவில் அந்தத் தட்டைப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் மழைக்காலம் வந்தது, ஐந்து பேரும் வேலைக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கோடையில் நடந்த ஒரு நடனத்தில் ஷெர்லி என்ற பெண் டெஸ்ஸிடம் வந்து, “மேலே போகிற குரல் உன்னுடையதா?” என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றார். அவளையே கட்டிக்கொண்டார். ஷெர்லி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது தட்டைப் போட்டால் டிரம்மும் பேஸ் கிதாரும்தான் கேட்கின்றன.

“காதுக்கு மெஷின் வச்சா என்னவெல்லாம் கேட்கணும்னு ஆசைப்படறீங்க? டிவியா, பேரப்பிள்ளைங்க பேசறதா?” என்று பிலோமினா கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“என் குரல் கேட்கணும். பேரப்பிள்ளைங்க பேசறது இப்பவே போதும்.”

லின் பையைத் திறந்து, கையடக்கமான பிளேயர் ஒன்றையும் ஒரு சின்ன இசைத்தட்டையும் மேசையில் வைத்தாள். தன் அறையில் அந்தப் பாட்டு ஒலிக்கக்கூடாது என்பது பிலோமினா தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. ஆனால் எதைக் கேட்கவைக்க வேண்டும் என்று தெரியாமல் கருவியை எப்படிச் சரிசெய்வது? தட்டைப் போடச் சொன்னார். அறுபத்துநான்காவது வயதில், முதல்முறையாக, பாட்டை முழுதாகக் கேட்டார்.

கேட்டுவிட்டு, “கடைசி வரிங்க ஒண்ணும் புரியலையே,” என்றார்.

“எங்களுக்கும் புரியலை,” என்றார் டெஸ். “துறைமுகத்துல ஒரு மாலுமி அமெரிக்கத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதுல அந்தப் பாடகர் பாடறது எங்க லீட் சிங்கர் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படிப் பாடினான். அது இங்கிலீஷே கிடையாது.”

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் டெஸ் விளக்கினார். அசல் பாட்டில் கடைசி வரிகள் பிலோமினாவினுடையவை. அவள் பதில் சொல்கிறாள். ஆனால் அவள் சொன்னது அன்றைய ரேடியோக்காரர்களுக்குச் சரிப்படவில்லை. ஆகவே தலைமுடியைப் படிய வாரிய ஒரு பாடகரை வைத்து அதை மறுபடி எடுத்தார்கள். அதில் அவள் சமர்த்தாக இறங்கி வருகிறாள். இரண்டு பேரும் அவள் அம்மாவிடம் அனுமதி கேட்கப் போகிறார்கள். ஆங்கிலேயர்கள் அந்த இடத்தில் கிதாரைப் போட்டு நிரப்பினார்கள்.

“அசல்ல அவ என்னதான் சொல்றா?”

டெஸ் யோசித்தார். “மறந்துபோச்சு,” என்றார்.

அன்று மாலை பிலோமினா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் பேச ஆரம்பித்தார். நரேந்திரன் ஓய்வுபெற்றுவிட்டார். அடுப்படியில் நின்று பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பாட்டு நரேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுல ஒருத்தன் கீழ நின்னுக்கிட்டு இறங்கி வா, இறங்கி வான்னு கத்தறான். கடைசில அவ என்னமோ பதில் சொல்றாளாம். ஒருத்தருக்கும் தெரியலைலா.” ஈப்போவின் ‘லா’ வீட்டுப் பேச்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீ ஏறி வா, படியொண்டும் உடையேல்லை. வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வா, வீட்டில ஒண்டுமில்லை. அப்பிடித்தான் வரும்,” என்றார் நரேந்திரன். சொல்லிவிட்டு, முறிக்காத பயித்தங்காயோடு அப்படியே நின்றார்.

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொரட்டுவையில படிக்கேக்க ஹொஸ்டல்ல என்ரை அறையில ஒரு பறங்கிப் பெடியன் இருந்தவன். கிட்டார் வச்சிருந்தவன். காலமை கண்முழிச்சா இந்தப் பாட்டுத்தான்.”

“அப்ப அந்தப் பொங்கலப்பவே தெரியுமா?”

“ஓம்.”

“நான் பேரைச் சொன்னதும் ஞாபகம் வரலையா?”

“வந்தது. வாயில வந்து நிண்டது. ஆனா நீர் பேரைச் சொல்லிப்போட்டு, ஊசி போடுற டொக்டரைப் பாக்கிற மாதிரி என்னைப் பாத்தனீர். அதான் வடையைக் காட்டினனான்.”

“இத்தனை வருஷமா ஒரு தடவைகூட வாயத் தொறக்கலையே!”

“அந்தப் பியானோ தொடங்கினதும் நீர் ரேடியோவை நூக்கிறதைப் பாக்கிறனான்தானே,” என்றார் நரேந்திரன். “ரெண்டு மூண்டு தரம் காருக்குள்ள தனியப் போகேக்க பாடியிருக்கிறன்.”

“தெரியாத ஆளுன்னு நினைச்சுத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்லா.”

“அது எனக்குத் தெரியாது,” என்றார் நரேந்திரன். உண்மையாகவே கவலைப்பட்டதுபோல இருந்தது. “இப்ப என்ன செய்யிறது?”

பிலோமினா எழுந்து மீதிப் பயித்தங்காயைத் தானே முறித்தார். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. கோபமா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. பாட்டுத் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தால் அதில் அவர் பெருமை என்ன இருக்கிறது, தெரிந்தும் அத்தனை வருடம் அடக்கிக்கொண்டிருந்தால்தானே பெருமை என்று மூன்றாம் நாள் பல் துலக்கும்போது தோன்றியது. காலை உணவின்போது அதை அவர் சொல்லவில்லை. தோசையை ஒன்று அதிகம் போட்டார். நரேந்திரன் புரிந்துகொண்டு சாப்பிட்டார்.

அந்த வாரமே கிளினிக்கில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்துப் பாடத் தொடங்கினார். பிலோமினா, எந்த ராகமும் இல்லாமல், மருந்துச் சீட்டை வாசிக்கிற குரலில், நீயே ஏறி வா, படி உடையவில்லை, வரும்போது ரொட்டி வாங்கி வா என்று ஆங்கிலத்தில் சொன்னார். தபால்காரர், “அப்படியா வருது?” என்று கேட்டுவிட்டு அமைதியாகப் போய் உட்கார்ந்தார். சோதனை முழுக்க ஒழுங்காக ஒத்துழைத்தார்.

டெஸ்ஸுடைய ஹியரிங் எய்ட் ஜூன் மாதம் தயாரானது. பிலோமினா இரண்டு காதிலும் பொருத்தி, இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பும் செய்தார். மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரைச்சல் வராத இடத்தில் நிறுத்தினார். தன் தொழிலில் அவர் நல்ல கெட்டிக்காரர். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பார்த்துச் செய்தார். லின் தட்டைப் போட்டாள்.

டெஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது குரல் வரும் இடத்தில் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பிறகு நின்றன.

“மறுபடி போடு,” என்றார்.

லின் போட்டாள்.

“இது நான் இல்லை.”

“அப்பா, பழைய தட்டு. கீறல் விழுந்திருக்கு.”

“இது எங்க டிரம்மர் பேரியோட தம்பி. டிரம் தூக்கிட்டு வருவானே, அவன். ‘பிலோமினா’ங்கறதை அவன் மட்டும்தான் மூக்கால சொல்வான்.” அவர் மூன்றாவது முறையும் கேட்டார். “நான் பாடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் அவனை வச்சு எடுத்திருக்காங்க. ஒருத்தனும் சொல்லலை.”

தட்டு வந்த காலத்திலேயே இது ஏன் தெரியவில்லை என்று லின் கேட்டாள். அப்போது வீட்டில் பிளேயர் இல்லை, ரேடியோவில்தான் கேட்டோம், ரேடியோவில் எல்லாக் குரலும் மூக்கால்தான் வரும், பிளேயர் வாங்குவதற்குள் பட்டறைச் சத்தம் காதைப் பாதி தின்றுவிட்டது என்றார் டெஸ். ஷெர்லியும் அதைத்தான் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டெஸ் இரண்டு கருவிகளையும் கழற்றி மேசையில் வைத்தார். பிலோமினா அவற்றை எடுத்துத் துடைத்தார். இத்தனை வருட வேலையில், கேட்கவில்லை என்று குறை சொன்னவர்கள் ஏராளம். கேட்டுவிட்டது என்று இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்து அவர் பார்த்ததில்லை. அவர் குனிந்து, டெஸ்ஸின் காதருகே நிதானமாகப் பேசினார்.

“மேல உள்ள சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கலாம். அப்ப அந்தக் குரல் இருக்கும். யாருதுன்னு தெரியாது. வேணும்னா செய்றேன்.”

டெஸ் அந்தச் சின்னக் கருவிகளைப் பிலோமினாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். “வேணாம்,” என்றார். “அப்படியே இருக்கட்டும்.” கருவிகளை மறுபடி மாட்டிக்கொண்டார். “நல்லாத்தான் பாடியிருக்கான் கழுதை.”

ஜூலையில் டெஸ்ஸுக்கு எண்பத்தைந்து. மாசி புறநகரில் ஒரு சமூகக் கூடத்தில் விழா. லின் கிளினிக்குக்குப் போன் செய்து பிலோமினாவையும் கணவரையும் கூப்பிட்டாள். நோயாளிகள் வீட்டு விசேஷத்துக்குப் போகிற வழக்கம் இல்லை என்று பிலோமினா சொல்லிப் பார்த்தார். அப்பா உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னார் என்றாள் லின். போனார்கள். வீட்டில் பொரித்த கறிபஃப் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்கள்.

கேக் வெட்டியதும் டெஸ் எழுந்து மைக்கைப் பிடித்தார். அந்தத் தட்டில் இருப்பது தான் இல்லை, இப்போதுதான் தெரிந்தது, இதோ இந்த அம்மா காதைச் சரிசெய்துதான் தெரிந்தது என்று நேராகச் சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவருடைய மூத்த மகன் வந்து தோளில் கைபோட்டு, அப்பாவுக்கு எப்போதும் தன்னடக்கம் ஜாஸ்தி என்றான். பிறகு அந்தக் கோடைகாலத்தின் கதையை, ரேடியோ, நடனம், ஷெர்லி எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னான். கைதட்டினார்கள். டெஸ் இரண்டாவது முறை விளக்க முயன்றார். பேரன் ஒருவன் அவர் கையில் பீர் கொடுத்தான்.

அவர் பிலோமினாவிடம் வந்து உட்கார்ந்தார். “நம்ப மாட்டேங்கறாங்க.”

“இத்தனை வருஷமா நீங்க ரொம்ப நல்லாச் சொல்லி வச்சிட்டீங்க,” என்றார் பிலோமினா.

டெஸ் பீரைக் குடித்தார். பிறகு, வாடகைக்கு வந்திருந்த வாத்தியக் குழுவிடம் போய் ஏதோ பேசினார். லின்னைக் கூப்பிட்டு, போனில் ஒலிப்பதிவு செய்யச் சொன்னார். பிலோமினாவையும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். “காது உங்களுக்குத்தானே நல்லா இருக்கு. சுருதி சேருதான்னு சொல்லுங்க.”

குழு வாசித்தது. டெஸ் இரண்டாவது குரலைப் பாடினார். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை. பாதி வழியில் நின்று பக்கவாட்டில் சென்றது.

“சேர்ந்துச்சா?”

“இல்லை,” என்றார் பிலோமினா.

மறுபடி பாடினார். பிலோமினா தலையை ஆட்டினார். “முன்னால பாடினதைவிட மோசம்.”

மூன்றாம் முறையும் பாடி முடித்து மூச்சு வாங்கினார். வாத்தியக்காரர்கள் சாப்பாட்டு மேசையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பிலோமினா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “கிட்ட வந்துச்சு. சேரலை,” என்றார்.

“போதும்,” என்றார் டெஸ். “இதை எல்லாருக்கும் அனுப்பு லின். இவ்வளவு கேவலமா வேற யாரும் பாட மாட்டாங்க. இது நான்தான்னு சந்தேகமே வராது.”

லின் அங்கேயே நின்று குடும்பத்தில் இருக்கும் எல்லாருக்கும் அனுப்பினாள். கூடத்தில் வரிசையாகப் போன்கள் சத்தமிட்டன. டெஸ் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தார், ஒன்றையும் தவறவிடவில்லை.

நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது நரேந்திரன் காரை ஓட்டினார். “அந்தாளுக்கு இப்ப சந்தோசமோ கவலையோ?” என்று கேட்டார்.

“தெரியலைலா. கேட்டா ரெண்டும்னு சொல்வாரு.”

“கறிபஃப் ஒண்டும் மிஞ்சேல்லை.”

“பார்த்தேன்.”

திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்ததும் டெஸ் போன் செய்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் இரவுபகலாக உறுமுகிறது, முன்பெல்லாம் இப்படி இல்லை, கருவியில்தான் கோளாறு என்றார். கோளாறு ஃபிரிட்ஜில் இருக்கலாம் என்றார் பிலோமினா. நேரில் வந்து காட்ட வேண்டும் என்று டெஸ் பிடிவாதமாக நின்றார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, பிலோமினா அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.